ஹன்லே இருட்டு வானம்: கிளம்புறதுக்கு முன்னாடி எல்லாரும் கேக்குற கேள்விகள்

ரெண்டு தடவை ஹன்லே போயிட்டு வந்தேன், ஒரு தடவை ஜூன்ல, ஒரு தடவை அக்டோபர்ல அம்மாவையும் கூட்டிக்கிட்டு. அதுக்கப்புறம் சொந்தக்காரங்க, ஆபீஸ்ல இருக்கறவங்க, பைக்ல லடாக் போகணும்னு அஞ்சு வருஷமா பிளான் போட்டுட்டே இருக்கற பசங்கன்னு ஆளாளுக்கு கேட்டுட்டே இருக்காங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் அனுப்பி தொண்டை போச்சு, அதான் ஒரே இடத்துல எழுதி வச்சிட்டேன்.

ஹன்லே எங்க இருக்கு? அது பார்க்கா, பாலைவனமா?

லடாக்ல, லே-ல இருந்து தென்கிழக்கா சுமார் 250 கிலோமீட்டருக்கு மேல, சீன எல்லைக்கு ரொம்ப பக்கம். பாலைவனம்னதும் மணல், ஒட்டகம்னு நினைச்சுக்காதீங்க, இது குளிர் பாலைவனம். வருஷம் முழுக்க மழை, பனி எல்லாம் சேர்த்து 10 சென்டிமீட்டர்கூட தேறாது, மரம்னு சொல்லிக்க எதுவும் கண்ணுல படாது, பழுப்பு மலை, நடுவுல ஹன்லே ஆறு, ஆத்தை ஒட்டி ஈரமான புல்வெளி, அவ்வளவுதான். இந்த இடம் சாங்தாங் சரணாலயத்துக்குள்ள வருது. 2022 டிசம்பர்ல அங்க இருக்கற வானியல் ஆய்வகத்தை மையமா வச்சு 22 கிலோமீட்டர் தூரத்துக்குள்ள வர்ற மொத்தம் 1,073 சதுர கிலோமீட்டரை, ஹன்லே டார்க் ஸ்கை ரிசர்வ்னு அறிவிச்சாங்க. சென்னை மாநகராட்சியைப் போல ரெண்டரை மடங்கு இடம், அவ்வளவு இடத்துலயும் இருட்டை காப்பாத்தணும்னு ஒரு ஏற்பாடு. இந்தியாவுல இப்படி அறிவிச்ச முதல் இடம் இதுதான்.

வானம் காட்டுறது யாரு? கவர்ன்மெண்ட் ஆளுங்களா?

ஊர்க்காரங்கதான். எனக்கு ஹன்லேவுல ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான். பெங்களூர்ல இருக்கற இந்திய வானியற்பியல் நிறுவனம், சுருக்கமா ஐஐஏ, ரிசர்வுக்குள்ள இருக்கற குட்டி குட்டி குடியிருப்புகள்ல இருந்து 24 பேரை எடுத்து வானம் பார்க்க பயிற்சி குடுத்து, கையில டெலஸ்கோப்பும் குடுத்திருக்காங்க. அஸ்ட்ரோ அம்பாசடர்னு பேரு. பகல்ல ஆடு, தோட்டம், ஹோம்ஸ்டே வேலைன்னு இருக்கறவங்க ராத்திரி ஆனா டெலஸ்கோப்பை வாசல்ல தூக்கி வச்சு வானம் காட்டுறாங்க. பொண்ணுங்களும் இருக்காங்க. எட்டு இன்ச் டாப்சோனியன்னு சொல்வாங்க, பாக்க ஏதோ குண்டு குழாயை மரப்பெட்டியில சாய்ச்சு வச்ச மாதிரி இருக்கும், மோட்டார் கீட்டார் ஒண்ணும் கிடையாது, கையால தள்ளி தள்ளித்தான் நட்சத்திரத்தை பிடிக்கணும்.

இதுல ஒரு கணக்கு இருக்கு பாருங்க. ஆய்வகத்துக்கு இருட்டு வேணும், ஊருக்கு வருமானம் வேணும். சும்மா போய் "லைட் போடாதீங்க"ன்னா எந்த ஊர்க்காரன் கேப்பான்? இருட்டைப் பாக்கத்தான் ஆளுங்க காசு குடுத்து வர்றாங்கன்னு ஆனதுக்கப்புறம் அவங்களே ஜன்னலுக்கு கனமா திரை போட்டு, வெளி பல்புக்கு மூடி போட்டு, ராத்திரி ஹெட்லைட் போட்டுட்டு வர்ற டூரிஸ்ட் வண்டியை அவங்களே நிறுத்தி திட்டுறாங்க. நானே திட்டு வாங்கியிருக்கேன், கீழ சொல்றேன்.

ஒரு ராத்திரி ப்ரோக்ராம் எப்படி நடக்கும்?

பெருசா ஒரு புரோட்டோகாலும் கிடையாது. நீங்க தங்குற வீட்லயே அம்பாசடர் இருந்தா வசதி, இல்லன்னா ஹோம்ஸ்டேல சொன்னா பக்கத்து வீட்லருந்து கூப்பிட்டு விடுவாங்க. கட்டணம் முன்னாடியே பேசிக்கங்க, பேரம் பேசாதீங்க.

அக்டோபர்ல நாங்க தங்குன வீட்டு அக்கா (அங்க அக்காவுக்கு "அச்சே", மரியாதைக்கு பின்னாடி ஒரு "லே" சேத்து அச்சே-லே) ராத்திரி எட்டரைக்கு கூப்பிட்டாங்க. வெளிய வந்ததும் முதல்ல போனையெல்லாம் வாங்கி ஒரு கூடையில போட்டுட்டாங்க. கண்ணு இருட்டுக்கு பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும், ஒரே ஒரு தடவை ஸ்கிரீனை பாத்தா அந்த அரை மணியும் காலி, மறுபடி முதல்ல இருந்து. அவங்க டார்ச்சுல சிவப்பு ஜெலட்டின் பேப்பரை ரப்பர் பேண்ட் போட்டு சுத்தியிருந்தாங்க. அந்த அரை மணி நேரமும் டெலஸ்கோப் பக்கமே விடல, வெறுங்கண்ணுதான். முதல் அஞ்சு நிமிஷம் "ஆமா நிறைய நட்சத்திரம்"னு இருந்துச்சு, பத்தாவது நிமிஷத்துக்கு மேல எது எந்த நட்சத்திரம்னே தெரியல, ஏன்னா சென்னையில பாத்து பழகின நாலஞ்சு நட்சத்திரமும் கூட்டத்துல காணாம போயிருச்சு. பால்வீதி தென்மேற்கு மலையில இருந்து தலைக்கு மேல வரைக்கும் யாரோ சுண்ணாம்பு அடிச்ச மாதிரி கிடந்துச்சு.

அப்புறம் டெலஸ்கோப்ல சனி, வளையத்தோட. ஆண்ட்ரோமீடா கேலக்ஸி, 25 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி கிளம்பின வெளிச்சம். ஆனா சொல்லிடறேன், டெலஸ்கோப்ல ஆண்ட்ரோமீடா சாம்பல் கலர்ல மங்கலா ஒரு திட்டுதான், இன்ஸ்டாகிராம்ல வர்ற ஊதா சிவப்பு எல்லாம் கேமரா நிமிஷக்கணக்குல திறந்து வச்சு எடுக்கறது. அந்த நினைப்புல போனா ஏமாந்துருவீங்க.

அதுக்கு நடுவுல ஒண்ணு நடந்துச்சு. கிழக்குல அப்பதான் ஏறிட்டு இருந்த கார்த்திகை கூட்டத்தை காட்டி அச்சே-லே "மின்ட்ருக்"ன்னாங்க. என் ஹிந்தி ரொம்ப சுமார், ட்ருக்னா என்னன்னு கேட்டேன், ஆறுன்னு விரலைக் காட்டுனாங்க. எனக்கு அங்கயே சிரிப்பு வந்துருச்சு, நம்ம சங்கப் பாட்டுல அதுக்கு பேரு அறுமீன், முருகனை வளர்த்த கார்த்திகைப் பெண்களும் ஆறு பேரு. இங்கிலீஷ்ல செவன் சிஸ்டர்ஸ்ங்கறான், நம்மளும் இமயமலைக்கு அந்தப்பக்கம் இருக்கறவங்களும் ஆறுதான்னு நிக்கறோம்.

எங்க அம்மா/பாட்டியோட ஜென்ம நட்சத்திரத்தை காட்டச் சொன்னா காட்டுவாங்களா?

இந்த கேள்விதான் எனக்கு அதிகமா வருது, கேக்கவும் கேக்கணும். இருபத்தேழும் நிஜ நட்சத்திரம்தான், எந்த மாசம் போறீங்கங்கறதைப் பொறுத்து. ஜூன்ல போனா சித்திரை, சுவாதி, விசாகம், அனுஷம், கேட்டை, மூலம் எல்லாம் சாயங்காலத்துல இருந்தே ராத்திரிக்குள்ள பாத்துரலாம். கேட்டை செவப்பா இருக்கும், தேட வேண்டிய அவசியமே இல்ல. அக்டோபர்ல திருவோணம், அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி, அஸ்வினி, பரணி, கார்த்திகை, ரோகிணி. திருவாதிரைக்காரங்க மட்டும் பதினொரு மணி வரைக்கும் முழிச்சிருக்கணும். சித்திரை, விசாகம் ஆளுங்க அக்டோபர்ல போனா உங்க நட்சத்திரம் சூரியன் பக்கத்துல போய் ஒளிஞ்சுக்கும், என் மேல கோச்சுக்காதீங்க.

எங்க அம்மா ரேவதி. அறுபத்தி ரெண்டு வருஷமா கோயில்ல ரேவதி நட்சத்திரம்னு சொல்லி அர்ச்சனை பண்ணிட்டு இருக்காங்க, ஒரு நாள் கூட பாத்ததில்ல, பாத்திருக்கவும் முடியாது, ஏன்னா அது மீன ராசியில இருக்கற ரொம்ப மங்கலான ஒண்ணு, பிரகாசக் கணக்குல அஞ்சாவது மேக்னிட்யூட் (நம்பர் ஏற ஏற மங்கல்), சென்னை வானத்துல அதுக்கு வாய்ப்பே இல்ல. அச்சே-லேவுக்கு ரேவதிங்கற பேரு புரியல, நான் ஆப்ல ஜீட்டா பிஸ்சியம்னு தேடிக் காட்டினேன் (போனை கூடையில இருந்து கெஞ்சி வாங்கி, போர்வைக்குள்ள வச்சுத்தான்). வெறுங்கண்ணுக்கே தெரிஞ்சுது, நேரா பாத்தா மறையும், ஓரக்கண்ணால பாத்தா வரும். அப்புறம் அவங்க குழாயை இப்படி அப்படி தள்ளி டெலஸ்கோப்ல பிடிச்சாங்க. பாத்தா ஒண்ணு இல்ல, ரெண்டு. பெருசு ஒண்ணு, ஒட்டினாப்புல சின்னது ஒண்ணு. அது இரட்டை நட்சத்திரம்னு எனக்கும் அன்னிக்குத்தான் தெரியும். அம்மா கண்ணை எடுக்காம ரொம்ப நேரம் பாத்துட்டு, "கூட யாருடா அது"ன்னாங்க.

மலை மேல இருக்கற பெரிய டெலஸ்கோப்ல கண்ணு வச்சு பாக்கலாமா?

முடியாது, யாராலயும் முடியாது, ஆராய்ச்சி பண்றவங்களே அதுல கண்ணு வைக்கறதில்ல. திக்பா ராட்சா ரி-ங்கற மலையில, 4,500 மீட்டர் உயரத்துல இருக்கற ஹிமாலயன் சந்திரா டெலஸ்கோப் அது, 2 மீட்டர் கண்ணாடி, 2000-த்துல முதல் தடவையா வானத்தைப் பாத்துச்சு. அதை ஓட்டறது பெங்களூர் பக்கத்துல ஹொஸகோட்டையில இருந்து, சாட்டிலைட் வழியா. பகல்ல போனா கட்டடத்தையும் டெலஸ்கோப்பையும் பாக்கலாம், ராத்திரி வண்டி எடுத்துட்டு மேல போக வேண்டாம்.

பேர்ல இருக்கற சந்திரா நம்ம சுப்ரமணியன் சந்திரசேகர்தான், பிரசிடென்சி காலேஜ்ல படிச்சவரு, 1983-ல நோபல். அம்மாகிட்ட இதை சொன்னதும் அவங்க அந்த மலைக்கே ஒரு கும்பிடு போட்டாங்க.

பக்கத்து பள்ளத்தாக்குல பெரிய டிஷ் மாதிரி ஒண்ணு தெரியும், அது மேஸ், 21 மீட்டர் அகலம், 2024 அக்டோபர்ல திறந்தாங்க. காமா கதிர் வந்து நம்ம காத்து மண்டலத்துல மோதும்போது கண்சிமிட்டுற நேரத்துக்கும் ரொம்ப ரொம்ப கம்மியா ஒரு நீல வெளிச்சம் வரும், அதை பிடிக்கற மெஷின்.

காவலூர்லயே ஆய்வகம் இருக்கே, எதுக்கு அவ்வளவு தூரம்?

நியாயமான கேள்வி. ஜவ்வாது மலை காவலூர்ல இருக்கற வைனு பாப்பு டெலஸ்கோப் கண்ணாடி 2.34 மீட்டர், அதாவது ஹன்லேல இருக்கறதை விட பெருசு, 1986-ல இருந்து ஓடுது, அதுவும் ஐஐஏ-தான். ஆனா காவலூர்ல ரெண்டு பருவமழையும் வரும், காத்துல ஈரம் இருக்கும், சுத்துபத்து ஊர் வெளிச்சமும் ஏறிட்டே போகுது. ஹன்லே இமயமலைக்கு அந்தப்பக்கம் மழை மறைவுல உக்காந்திருக்கு, காத்துல நீராவியே இல்லாத மாதிரி, காத்து மண்டலத்துல நாப்பது சதவீதம் காலுக்கு கீழ.

ஒரு வேடிக்கை என்னன்னா பால்வீதியோட நடுப்பகுதி, தனுசு ராசி பக்கம், நம்ம ஊர்லதான் இன்னும் உயரமா வரும். காவலூர்ல அடிவானத்துல இருந்து 48 டிகிரி, ஹன்லேல 28 டிகிரிதான். நமக்கு இடம் நல்ல இடம், லைட்டைத்தான் அணைக்க மாட்டேங்கறோம். அதே மாதிரி தெற்குச் சிலுவை நம்ம ஊர்ல தெரியும், ஹன்லேல முழுசா எழவே எழாது. பதிலுக்கு துருவ நட்சத்திரம் சென்னையில 13 டிகிரியில கட்டடத்துக்கு பின்னாடி ஒளிஞ்சிருக்கும், அங்க 33 டிகிரியில ஜம்முனு நிக்கும்.

எந்த மாசம் போறது?

பால்வீதி வேணும்னா மே கடைசி, ஜூன். தெளிவான வானம் வேணும்னா செப்டம்பர் கடைசி, அக்டோபர். ஜூலை ஆகஸ்ட்ல மேகம் வந்து கழுத்தறுக்கலாம், ரோடும் அங்கங்க போகும். நவம்பருக்கு மேல வானம் சூப்பர்தான், ஆனா மைனஸ் இருபதுக்கு கீழ போகும், அதெல்லாம் பழகினவங்களுக்கு. அமாவாசைக்கு முன்ன பின்ன நாலஞ்சு நாளா பாத்துக்கங்க. பௌர்ணமிக்கு போயிட்டு "ஒண்ணுமே தெரியல"ன்னு வந்து சொன்ன ஒருத்தர் எங்க ஆபீஸ்லயே இருக்காரு.

செப்டம்பர் அக்டோபர் வாக்குல ஐஐஏ வருஷா வருஷம் ஸ்டார் பார்ட்டி நடத்துறாங்க, 2023-ல ஆரம்பிச்சது. அது சொந்தமா டெலஸ்கோப் வச்சிருக்கற அமெச்சூர் ஆளுங்களுக்கு, முன்கூட்டி விண்ணப்பிக்கணும். சும்மா பாக்கப்போறவங்களுக்கு ஊர் அம்பாசடரே போதும்.

அங்க அரோரா தெரிஞ்சுதாமே?

தெரிஞ்சுது. 2023 ஏப்ரல்லயும், 2024 மே 10-11 ராத்திரியும், அதே வருஷம் அக்டோபர்லயும் பெரிய சூரியப் புயல் வந்தப்ப ஹன்லே கேமராக்கள்ல வானம் செவப்பா பதிவாச்சு. நார்வேல ஆடுற பச்சைத் திரை மாதிரி இல்ல, அடிவானத்துக்கு மேல ஒரு செவப்பு மங்கல். அதை நம்பி டிக்கெட் போடாதீங்க.

பகல்ல என்ன பண்றது? மிருகம் பறவை ஏதாவது?

காலையில ஆறு ஆறரைக்கு எந்திரிச்சு ஆத்துப் பக்கம் போங்க. கியாங்னு காட்டுக்கழுதை, செம்பழுப்பு முதுகு, வெள்ளை வயிறு, கூட்டமா நிக்கும். வண்டியைப் பாத்தா இணையா ஓடி வரும், நம்ம டிரைவருங்க அதுகூட ரேஸ் விடுவாங்க, விட வேண்டாம்னு சொல்லுங்க, அந்த உயரத்துல அதுக்கும் மூச்சு வாங்கும்தானே.

கருங்கழுத்துக் கொக்கு லடாக்கோட மாநிலப் பறவை, வயல்ல பாக்கற கொக்கு சைஸ் இல்ல, பத்து வயசுப் பையன் உயரம் இருக்கும். வெயில் காலத்துல ஹன்லே சதுப்புலதான் கூடு கட்டும், ஜோடி ஜோடியா. அதுக்கு இப்ப பெரிய எமன் தெருநாய். டூரிஸ்டும் கேம்ப்பும் போடற மிச்ச சாப்பாட்டுல நாய் பெருகி முட்டையையும் குஞ்சையும் தூக்கிருது. அதனால பாவப்பட்டு பிஸ்கட் போடாதீங்க, சத்தியமா சொல்றேன்.

பல்லாஸ் பூனைன்னு ஒண்ணு, முறைச்ச மூஞ்சி, உருண்டை உடம்பு. கேமராக்காரங்க கூட்டமா போய் அதோட வளையை சுத்தி நின்னு தொல்லை பண்றாங்கன்னு ஊர்ல எல்லாருக்குமே கோவம். பாத்தா தூரத்துல நின்னு பாருங்க, ரோட்டை விட்டு வண்டியை இறக்காதீங்க. அந்த மண்ணுல பதிஞ்ச டயர் தடம் லேசுல போகாது.

வரித்தலை வாத்தையும் பாப்பீங்க, தலையில ரெண்டு கருப்புக் கோடு. இமயமலையைத் தாண்டிப் பறக்கற ஜாதி. பனிக்காலத்துக்கு இந்த ஜாதி வாத்துங்க நம்ம திருநெல்வேலி கூந்தன்குளம் வரைக்கும் வரும். ஹன்லேல பாத்த அதே வாத்தா இருக்கணும்னு இல்ல, இருந்தாலும் பக்கத்து ஊர்க்காரனை வெளியூர்ல பாத்த சந்தோஷம் எனக்கு.

மலை மேல இருக்கற மடாலயத்தோட கதை என்ன?

17-ஆம் நூற்றாண்டு, ராஜா சென்கே நம்க்யால் காலத்துது. லே அரண்மனை, ஹெமிஸ் மடாலயம் எல்லாம் அவர் பேரோட சேர்ந்ததுதான். அவரோட அம்மா பால்டிஸ்தான்ல இருந்து வந்த முஸ்லிம் இளவரசி, குரு தக்சாங் ராஸ்பாங்கற புத்த துறவி. திபெத்துக்கு போற பழைய வியாபாரப் பாதையில ஹன்லே இருந்துச்சு, இன்னிக்கு கடைசி ஊர் மாதிரி தெரியறது அன்னிக்கு நடுவழி. 1642-ல படையெடுத்துப் போயிட்டு திரும்பற வழியில அந்த ராஜா செத்ததும் இதே ஹன்லேலதான்.

ஊர்ப் பெரியவர் யாராவது கூட வந்தா நல்லது, எங்களுக்கு வீட்டுத் தாத்தா வந்தாரு. கீழ இருந்து பாத்தா இருபது நிமிஷ ஏத்தம் மாதிரி இருக்கும், எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சு, அவரு ஜபமாலையை உருட்டிக்கிட்டே முன்னாடி போய் உக்காந்து காத்துட்டு இருந்தாரு. உள்ள போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி கேளுங்க. மேல இருந்து பாத்தா ஒரு பக்கம் மடாலயக் கொடி, எதிர் மலையில வெள்ளையா டெலஸ்கோப் டோம்.

சாங்பா மேய்ப்பர்களைப் பத்தியும் கேளுங்க. பஷ்மினா சால்வைக்கு முடி குடுக்கறது அவங்க ஆடுங்கதான், குளிருக்கு அடியில வளர்ற மெல்லிசு ரோமத்தை வெயில் காலம் ஆரம்பிக்கும்போது சீப்பு போட்டு வாரி எடுப்பாங்க. யாக் முடியில நெய்ஞ்ச கருப்புக் கூடாரத்துக்கு ரெபோன்னு பேரு. நிறைய குடும்பம் லே பக்கம் குடிபோயாச்சு, பசங்க படிப்பு, ஆஸ்பத்திரின்னு. மேய்ச்சலுக்கு ஆளே கிடைக்கறதில்லன்னு தாத்தா சொன்னாரு.

மூச்சு முட்டுமா?

முட்டும். இதுல வீராப்பு வேண்டாம். லே 3,500 மீட்டர், ஹன்லே ஊரே 4,300 மீட்டர், கடல்மட்டத்துல கிடைக்கற ஆக்சிஜன்ல அறுபது சதவீதம்தான் அங்க. முதல் தடவை போனப்ப வண்டி ஏற்பாடு பண்ணினவரு "லே-ல ஒரு நாள் போதும் சார், எல்லாரும் அப்படித்தான் போறாங்க"ன்னாரு, நானும் லீவு மிச்சம்னு கிளம்பிட்டேன். ஹன்லே போன ராத்திரி தலை ரெண்டா பிளக்குது, வாந்தி, வெளிய அவ்வளவு வானம் இருக்கு நான் உள்ள பக்கெட்டை கட்டிப்பிடிச்சு கிடக்கறேன். விடியறதுக்கு முன்னாடியே கீழ நியோமாவுக்கு இறக்கிட்டு போனாங்க. அந்த இருட்டுல டிரைவர் ஹெட்லைட்டை ஹை பீம்ல போட்டுட்டு போக, ஊர்க்காரர் ஒருத்தர் நிறுத்தி சத்தம் போட, நான் பின்சீட்ல படுத்துக்கிட்டே மன்னிப்பு கேட்டேன். திட்டு வாங்கினேன்னு சொன்னது இதுதான்.

ரெண்டாவது தடவை லே-ல முழுசா மூணு நாள் சும்மா இருந்தோம், அப்புறம் போனோம், அம்மாவுக்கே லேசா தலைவலியோட போச்சு. டையமாக்ஸ் (உயரத்துல வர்ற தலைவலி, வாந்திக்கான மாத்திரை) பத்தி உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க. தண்ணி நிறைய, சரக்கு வேண்டாம். தலைவலி ஏறிட்டே போனா, பேச்சு குழறினா, படுத்தா மூச்சு திணறினா, காலையில பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, உடனே கீழ இறங்கணும்.

சின்னக் குழந்தை, வயசானவங்களை கூட்டிட்டு போலாமா?

இதயம், ஆஸ்துமா, கர்ப்பம்னா டாக்டர் சொல்லாம வேண்டாம். கைக்குழந்தைக்கு எங்க தலை வலிக்குதுன்னு சொல்லத் தெரியாது, அதனால என்னைக் கேட்டா வேண்டாம்தான். எட்டு பத்து வயசுக்கு மேல இருக்கற பசங்க பெரியவங்களை விட நல்லா ரசிப்பாங்க.

பர்மிட், ரோடு, போன்?

இன்னர் லைன் பர்மிட் (எல்லைப் பகுதிக்குள்ள போறதுக்கான அனுமதிச் சீட்டு) வேணும், ஆன்லைன்லயும் எடுக்கலாம், லே ஏஜெண்ட் மூலமாவும் எடுக்கலாம். ஏழெட்டு காப்பி பிரிண்ட் போட்டுக்கங்க. வெளிநாட்டு பாஸ்போர்ட் இருந்தா விதி வேற, அடிக்கடி மாறும், டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே லே-ல கேட்டுருங்க. பாதை உப்ஷி, சுமாதாங், மாஹே, நியோமா, லோமா. லோமா பாலத்துல செக் பண்ணுவாங்க. வெந்நீர் ஊத்து இருக்கற சுமாதாங்ல டீ குடிச்சுட்டு நிதானமா போனா எட்டு மணி நேரம்.

நம்ம ஊர் ப்ரீபெய்ட் சிம் லடாக்ல வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேணும். காசு கையில வச்சுக்கங்க.

சாப்பாடு?

துக்பா (நூடுல்ஸ் சூப்), ஸ்க்யூ (கோதுமை மாவுத் துண்டு போட்ட குழம்பு), கம்பீர் ரொட்டி, உப்பு போட்ட வெண்ணெய் டீ. சோறும் பருப்பும் கிடைக்கும், குக்கர் இல்லாம வேகாது, ஏன்னா அங்க தண்ணி 86 டிகிரி பக்கத்துலயே கொதிச்சுரும். டீயும் கொதிக்க கொதிக்க இருக்காது. அம்மா கொண்டு போன பருப்புப் பொடியை அச்சே-லே வெண்ணெய் போட்டு பிசைஞ்சு சாப்பிட்டுட்டு மிச்ச டப்பாவை வாங்கி வச்சுக்கிட்டாங்க.

உம்லிங் லாவும் சேத்து முடிச்சுரலாமா?

பைக் பசங்க கேள்வி. வண்டி போற ரொம்ப உயரமான மலைக்கணவாய் அது, 5,798 மீட்டர், 19,024 அடி, போர்டு முன்னாடி போட்டோ. போகலாம், ஹன்லேல இருந்து ஒரே நாள்ல போயிட்டு வர்றாங்க. ஆனா அன்னிக்கு ராத்திரி வானம் பாக்க மாட்டீங்க, தூங்கிருவீங்க. ஹன்லேல குறைஞ்சது ரெண்டு ராத்திரி தங்கி, முதல் ராத்திரி வானம், அப்புறம் மத்ததெல்லாம்.

என்ன எடுத்துட்டு போகணும்?

அக்டோபர்னா ராத்திரி மைனஸ் அஞ்சு பத்து சாதாரணம். தெர்மல், ரெண்டு ஜோடி சாக்ஸ், காதை மூடற குல்லா. நட்சத்திரம் பாக்கறதுன்னா ஒரே இடத்துல அசையாம நிக்கறது, நடந்து போற குளிரை விட அது மோசம், முதல்ல கால்விரல்தான் போகும். கேமரா பேட்டரியை சட்டைக்குள்ள வச்சுக்கங்க, குளிர்ல சார்ஜ் இறங்கிரும். கேமரா, பவர்பேங்க்ல மினுக்கற குட்டி எல்ஈடிக்கு மேல கருப்பு டேப் ஒட்டிருங்க, அங்க அதுவே டியூப்லைட் மாதிரி தெரியும். சொந்த லேசரை மேல அடிக்காதீங்க, அம்பாசடர் கையில இருக்கறது ஒண்ணு போதும். உதட்டுக்கு ஏதாவது, காத்துல ஈரமே இல்லாததால ரெண்டே நாள்ல வெடிச்சுரும்.

வீட்டுக்காரங்களுக்கு ஏதாவது வாங்கிட்டு போகலாமா?

பசங்களுக்கு சாக்லேட் குடுக்காதீங்க, ஊருக்கே பழக்கமாயிரும். எங்க அச்சே-லே ரெண்டு கேட்டாங்க, சிவப்பு ஜெலட்டின் பேப்பர், அப்புறம் அந்தப் பருப்புப் பொடி. அடுத்து யார் போறீங்கன்னு சொல்லுங்க, அம்மா அரைச்சு டப்பால போட்டு வச்சிருக்காங்க.